தொட்டி காலியாக எத்தனை நிமிடம்?

முதல் செமஸ்டர் தொடங்கி மூன்று வாரம் ஆனதும் இந்தக் கேள்வி என் மேசைக்கு வந்துவிடும். வகுப்பு முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு, ஒரு மாணவர் தயங்கித் தயங்கி அருகே வருவார். "சார், நான் சிவில். எனக்கு எதுக்கு சார் கோடிங்?"

நியாயமான கேள்வி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதல் செமஸ்டரிலேயே 'புராப்ளம் சால்விங் அண்ட் பைத்தான் புரோகிராமிங்' என்ற தாள் இருந்தது. பெயரைக் கவனியுங்கள். தீர்க்க வேண்டிய கணக்கு முன்னால் நிற்கிறது, பைத்தான் அதற்குப் பின்னால். வகுப்பறையில் பெரும்பாலும் இந்த வரிசை புரண்டுவிடுகிறது. பிரின்ட், இஃப், ஃபார் லூப், லிஸ்ட் என்று மொழியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் படிப்பதற்குள் செமஸ்டர் முடிந்துபோகிறது. கட்டடமோ குழாயோ மின்சுற்றோ பக்கத்தில்கூட வருவதில்லை. இப்படிப் படித்தவருக்கு அந்தச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான் பதில் சொல்வதில்லை. பதிலுக்கு ஒன்று கேட்பேன். "உங்க வீட்டு மாடியில தண்ணித் தொட்டி இருக்கா தம்பி? ஆயிரம் லிட்டர்னு வெச்சுக்குவோம். அடியில ரெண்டு சென்டிமீட்டர் விட்டத்துல ஒரு ஓட்டை. எவ்வளவு நேரத்துல காலியாகும்?"

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, நீளம், அகலம், உயரம் எல்லாமே ஒரு மீட்டராக உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். 1640களில் இத்தாலியர் டாரிசெல்லி கண்ட விதி பள்ளி இயற்பியலில் வருவதுதான். ஓட்டையிலிருந்து நீர் பாயும் வேகம், மேலே நிற்கும் நீரின் உயரத்தை 9.81 ஆலும் 2 ஆலும் பெருக்கி, அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். ஒரு மீட்டர் உயரத்துக்கு வினாடிக்கு 4.43 மீட்டர். ஓட்டையின் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் வினாடிக்கு 1.39 லிட்டர். ஆயிரத்தை அதால் வகுத்தால் 719 வினாடி.

"பன்னிரண்டு நிமிஷம் சார்."

"தண்ணி பாதி இறங்கினதுக்கு அப்புறமும் அதே வேகத்துல வருமா?"

பேனா நின்றுவிடும். வேகம் உயரத்தைப் பொறுத்தது. உயரமோ ஒவ்வொரு வினாடியும் குறைகிறது. எந்த உயரத்தைச் சூத்திரத்தில் போடுவது? நுண்கணிதம் தெரிந்தவர் தொகையீடு செய்து இதை ஒரே வரியில் முடித்துவிடலாம். முதலாண்டு மாணவருக்கு அது இன்னும் கைவரவில்லை. தொட்டி நேர்ச்சுவராக இல்லாமல் வளைந்திருந்தாலோ, கைவந்தவருக்கும் கடினம். அதனால் வேறு வழியில் போகிறோம். ஒரு நிமிடத்துக்கு மட்டும் வேகம் மாறாது என்று பொய்யாக வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் உயரம் ஏதோ கொஞ்சம்தானே குறையும்? நிமிடம் முடிந்ததும் புதிய உயரத்தை எடுத்து, புதிய வேகம் கண்டு, அடுத்த நிமிடத்துக்குப் போவோம்.

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் முதல் நான்கு வரிகளைத் தாளில் போட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். முதல் நிமிடத்தில் நீர் 8.35 சென்டிமீட்டர் இறங்குகிறது, மீதி 91.65. இந்த உயரத்துக்கு வேகம் சற்றுக் குறைவு, அதனால் இரண்டாவது நிமிடத்தில் 7.99 இறங்குகிறது, மீதி 83.66. மூன்றாவது நிமிடத்தில் 7.64, மீதி 76.02. நான்காவது வரி வரும்போது கை வலிக்கத் தொடங்கும். கூடவே இன்னொன்றும் புரியும். ஒவ்வொரு வரியிலும் செய்வது ஒரே வேலை, எண்கள்தான் மாறுகின்றன. இப்படித் திரும்பத் திரும்பச் செய்வதற்குத்தான் நிரல் எழுதுபவர்கள் லூப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கை வலித்த பிறகு கற்கும் லூப் மறக்காது.

இப்போது எழுதலாம். உயரம் 1, நேரம் 0 என்று தொடங்கு. உயரம் பூஜ்யத்துக்கு மேல் இருக்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்: இப்போதைய உயரத்திலிருந்து வேகத்தைக் கண்டுபிடி, இந்த ஒரு நிமிடத்தில் மட்டம் எவ்வளவு இறங்கும் என்று பார், அதை உயரத்திலிருந்து கழி, நேரத்தில் ஒரு நிமிடம் கூட்டு. எல்லாம் முடிந்ததும் நேரத்தைக் காட்டு. பைத்தானில் இது ஏழெட்டு வரிதான். சி மொழியில் எழுதினால் இரண்டு மூன்று வரி கூடும்.

அந்த வரிகளில் ஒன்று மாணவர்களை உறுத்தும்: 'உயரம் = உயரம் − இறக்கம்'. பல வருடம் இயற்கணிதம் படித்த கண்ணுக்கு இது பிழை. இரண்டு பக்கமும் சமம் என்றால் இறக்கம் பூஜ்யமாகத்தானே இருக்க வேண்டும்? இங்கே அந்தக் குறிக்குச் சமம் என்ற பொருள் இல்லை. வலப்பக்கத்தைக் கணக்கிட்டு, வந்த விடையை இடப்பக்கப் பெயர் ஒட்டிய பெட்டியில் போடு என்று பொருள். பெட்டியில் இருந்த பழைய எண் போய்விடும். தொட்டியில் நடப்பதும் இதுதான், ஒரு நிமிடத்துக்கு முன்பிருந்த மட்டம் இப்போது எங்கும் இல்லை. வெறும் இலக்கணமாகச் சொன்னால் குழப்புகிற இந்த வரி, தண்ணீரைப் பார்த்தபடி சொன்னால் உடனே விளங்குகிறது. நான் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

நிரலை ஓட்டினால் விடை 22 நிமிடம். முதலில் சொன்ன பன்னிரண்டுக்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு.

சிலர் 'உயரம் பூஜ்யத்துக்கு மேல் இருக்கும்வரை' என்று எழுதாமல், 'முப்பது முறை செய்' என்று எழுதிவிடுவார்கள். அவர்கள் திரையில் பாதி வழியில் 'மேத் டொமைன் எரர்' என்று சிவப்பு எழுத்து வரும். உடனே கையைத் தூக்குவார்கள். நான் திருத்தித் தருவதில்லை, ஒவ்வொரு நிமிட உயரத்தையும் அச்சிட்டுப் பார்க்கச் சொல்வேன். இருபத்து இரண்டாவது வரியில் உயரம் சுமார் −0.001 என்று நிற்கும். தொட்டியின் தரைக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே தண்ணீர்! அடுத்த வரியில் அந்தக் குறை எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டதால் நிரல் நின்றுவிட்டது. காலியான தொட்டியிலிருந்து நீர் வெளியேறாது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்கு அதையும் எழுத வேண்டும். நமக்குத் தெரிந்ததில் எதைச் சொல்லாமல் விட்டோம் என்று தேடுவதே நிரலாக்கத்தில் பாதி வேலை என்பேன்.

அடுத்து, இடைவெளியைக் குறைத்துப் பார்க்கலாம். ஒரு நிமிடத்துக்குப் பதில் பத்து வினாடி வைத்தால் விடை இருபத்து மூன்றரை நிமிடத்துக்கு அருகே வருகிறது. ஒரு வினாடி வைத்தால் 23 நிமிடம் 53 வினாடி அளவில் நிற்கிறது. தொகையீடு தரும் துல்லியமான விடை 23 நிமிடம் 57 வினாடி. பன்னிரண்டின் சரியான இரு மடங்கு! நேர்ச்சுவர்த் தொட்டிக்கு எப்போதுமே இப்படித்தான். வெளியேறும் வேகம் நேரத்தோடு சீராகக் குறைந்து பூஜ்யத்தைத் தொடுகிறது, ஆகவே சராசரி வேகம் தொடக்க வேகத்தில் பாதி. நிரல் தந்த எண்ணைப் பார்த்துவிட்டு 'ஏன் சரியாக இரண்டு மடங்கு?' என்று ஒரு மாணவர் கேட்டுவிட்டால் எனக்கு அன்றைய வகுப்பு போதும்.

சிறு சிறு அடியாக நடந்து போகும் இந்த முறை கணிதவியலாளர் ஆய்லருடையது. 1768இல் வெளியான தம் தொகையீட்டு நூலில் அவர் இதை விளக்கினார். மனிதக் கைக்கு ஆயிரத்து நானூறு வரி கழித்தல் போடுவது தண்டனை. கம்ப்யூட்டருக்குக் கண்சிமிட்டும் நேரம். அதனால்தான் நீராவி ரயிலுக்கும் நிலவுப் பயணத்துக்கும் முந்தைய ஒரு முறை இன்று முதலாண்டு மாணவரின் கருவியாக இருக்கிறது.

இதன் பலம் அடுத்த கேள்வியில்தான் தெரியும். ஓட்டை அப்படியே இருக்க, மோட்டார் போட்டு வினாடிக்கு ஒரு லிட்டர் ஏற்றினால் என்ன ஆகும்? தாளில் போடும் தொகையீடு இப்போது சிக்கலாகிவிடும். நிரலில் ஒரே ஒரு வரி கூடுகிறது: ஏறியதைக் கூட்டு. தொட்டி இனிக் காலியாகாது என்பதால் லூப்பை ஒரு குறித்த நேரம்வரை ஓடவைத்துப் பார்த்தால், மட்டம் 52 சென்டிமீட்டரில் போய் நின்றுவிடுகிறது. நிறைந்த தொட்டியில் தொடங்கினாலும் அதே 52, காலித் தொட்டியில் தொடங்கினாலும் அதே 52. அந்த உயரத்தில் உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒன்றாகிவிடுகின்றன. கொதிகலனின் அழுத்தம், ஏரியின் மட்டம், மின்தேக்கியின் மின்னழுத்தம் என்று பொறியியல் முழுக்க இந்தச் சமநிலை வரும். சிவில் மாணவர் அதை முதல் செமஸ்டரிலேயே தன் கையால் எழுதிய பத்து வரியில் பார்த்துவிட்டார்.

தொடக்கக்கால நிரல் மொழிகளில் சில பொறியாளர்களின் தேவையிலிருந்து வந்தவை என்பதை இன்று நம்மில் பலர் மறந்துவிட்டோம். ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியின் பெயருக்கே சூத்திர மொழிபெயர்ப்பு என்றுதான் பொருள். எழுதியிருக்கும் சூத்திரத்தை இயந்திரம் புரிந்துகொள்ளும்படி மாற்றித் தருவது அதன் வேலை. இந்தியாவில் கான்பூர் ஐஐடிக்கு 1963இல் ஐபிஎம் 1620 கம்ப்யூட்டர் வந்தது. அதே ஆண்டு அங்கே ஆசிரியராகச் சேர்ந்தவர் ஈரோட்டில் பிறந்த வி. இராஜாராமன். மாணவர்களுக்கும் வெளியிலிருந்து வந்த பொறியாளர்களுக்கும் அங்கே ஃபோர்ட்ரான் கற்றுத் தரப்பட்டது. ஒரு வரிக்கு ஓர் அட்டை என்று துளையிட்டு, கட்டாகக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருந்த காலம். ஒரு தவறு செய்தால் மீண்டும் வரிசை. அதனால் எழுதுவதற்கு முன்பே தாளில் கணக்கைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் தானாக வந்தது. இராஜாராமன் எழுதிய பாடநூல்கள் பல தலைமுறை மாணவர்களின் கையில் இருந்தன. இன்று விடை நொடியில் வருகிறது, அந்தப் பழக்கத்தை நாம்தான் வலிந்து வளர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வளர்த்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்? வகுப்பில் நான் செய்து காட்டும் ஒரு சிறு சோதனை உண்டு. பைத்தானில் 0.1 என்ற எண்ணைப் பத்து முறை கூட்டுங்கள். 1 வராது. 0.9999999999999999 என்று வரும். நேரம் சரியாக 1 ஆனதும் நில் என்று லூப் எழுதியவரின் நிரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். காரணம் எளியது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் முழுதாக எழுத முடியாமல் 0.333 என்று போய்க்கொண்டே இருப்பது போல, பத்தில் ஒரு பங்கை இரும எண்ணில் முழுதாக எழுத முடியாது. எங்காவது வெட்ட வேண்டும்.

அந்த வெட்டின் விலையை 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பார்த்தோம். வளைகுடாப் போரில் அங்கிருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணியது. அதை வினாடியாக மாற்ற, 24 பிட்டுக்குள் வெட்டப்பட்ட பத்தில் ஒரு பங்கால் பெருக்கியது. ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பிழை 0.000000095 வினாடி. ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் கருவியை நிறுத்தாமல் நூறு மணி நேரம் ஓட்டியிருந்தார்கள். 36 லட்சம் எண்ணிக்கை. பெருக்கிப் பாருங்கள், 0.34 வினாடி. அந்த நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். தடுப்பு அமைப்பு வானில் தவறான இடத்தைப் பார்த்தது. ஏவுகணை படை முகாமின் மேல் விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். திருத்தப்பட்ட மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.

அலகு இன்னொரு பொறி. செவ்வாய்க்கு நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்தது. சிறு உந்துகளின் கணக்கை ஒரு நிரல் பவுண்டு விசையில் கொடுத்தது, அதை வாங்கிய நிரல் நியூட்டன் என்று நினைத்துக்கொண்டது. இரண்டுக்கும் வித்தியாசம் 4.45 மடங்கு. கிரகத்துக்கு மேல் 226 கிலோமீட்டரில் போக வேண்டிய கலம் சுமார் 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. இரண்டு நிரலும் தம்மளவில் பிழையின்றி ஓடின. என் வகுப்பில் தொட்டிக் கணக்கில் ஓட்டையின் விட்டத்தை மீட்டருக்கு மாற்றாமல் 2 என்றே போட்டு, தொட்டி ஒரு வினாடிக்குள் காலியாகிவிட்டது என்று எழுதிக் கொடுப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. நான் மதிப்பெண் குறைப்பது தவறுக்காக அல்ல, அந்த விடையைப் பார்த்தும் சந்தேகம் வராததற்காக.

பாடத்திட்டத்துக்குத் திரும்புவோம். தொடக்கத்தில் சொன்ன அந்தப் பைத்தான் தாளின் முதல் பகுதியில் ஒரு விளையாட்டு இருந்தது: ஒருவர் மனதில் நினைத்த எண்ணைக் கண்டுபிடிப்பது. ஒன்றிலிருந்து ஆயிரத்துக்குள் ஓர் எண். நடுவில் உள்ளதைச் சொல்ல வேண்டும், 'இன்னும் பெரிசு' அல்லது 'சின்னது' என்று பதில் வரும், பாதியைத் தள்ளிவிட்டு மீதியின் நடுவுக்குப் போக வேண்டும். பத்துக் கேள்விக்குள் எண் சிக்கிவிடும், ஏனென்றால் இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1024. மாணவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். இதைக் கொண்டு வாய்க்காலே வெட்டலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

சொல்கிறேன். கருங்கல் சுவர் எழுப்பிய மூன்று மீட்டர் அகல வாய்க்கால். 2500 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவு. வினாடிக்கு இரண்டு கன மீட்டர் நீர் போக வேண்டும். நீர் எவ்வளவு ஆழத்துக்கு நிற்கும்? சுவரின் உயரத்தை முடிவுசெய்ய இது தெரிந்தாக வேண்டும். அயர்லாந்துப் பொறியாளர் இராபர்ட் மேனிங் 1889இல் முன்வைத்த சூத்திரம் இன்றும் உலகமெங்கும் பயனில் உள்ளது. ஆழத்தைக் கொடுத்தால் அது நீரின் அளவைச் சொல்லிவிடும். நமக்கு வேண்டியதோ தலைகீழ். ஆழம் அந்தச் சூத்திரத்துக்குள் இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கிறது, ஒரு பக்கமாகப் பிரித்தெடுக்க முடியாது.

எண் விளையாட்டை ஆடுவோம். கல் சுவரின் சொரசொரப்புக்கு 0.025 என்று வைத்துக்கொள்ளலாம். ஆழம் பூஜ்யத்துக்கும் இரண்டு மீட்டருக்கும் இடையில் இருக்கும் என்று தொடங்கினால் நடு 1 மீட்டர். சூத்திரம் தரும் விடை 1.71 கன மீட்டர், போதாது, இன்னும் ஆழம் வேண்டும். அடுத்து 1.5 மீட்டர். 2.97 வருகிறது, அதிகம். 1.25 மீட்டருக்கு 2.32, இதுவும் அதிகம். 1.125 மீட்டருக்கு 2.01. நெருங்கிவிட்டோம். பத்து முறை பாதியாக்கினால் இரண்டு மீட்டர் இடைவெளி இரண்டு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். விடை 1.12 மீட்டர். மண்வெட்டி பிடித்து வேலை செய்கிற இடத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் துல்லியம் யாருக்கும் தேவையில்லை. ஒரு காலத்தில் பொறியாளர்கள் அச்சிட்ட அட்டவணைகளையும் வரைபடங்களையும் புரட்டித் தேடிய விடை இது. இப்போது முதலாண்டு மாணவரின் பதினைந்து வரி அதைத் தருகிறது. நாளை வாய்க்கால் அகலம் மாறினாலும் ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

தொட்டிக் கணக்கை நான் இன்னும் முடிக்கவில்லை. 24 நிமிடம் என்பது டாரிசெல்லி விதியின் விடை. உண்மைத் தொட்டியில் அப்படி நடக்காது. ஓட்டையை நோக்கி நீர் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓடி வருகிறது. பக்கவாட்டில் வரும் நீர் விளிம்பில் சட்டென்று திரும்ப முடியாததால், வெளியே வரும் தாரை ஓட்டையைவிட ஒடுங்கிவிடுகிறது. கூர்மையான விளிம்புள்ள ஓட்டைக்கு, சூத்திரம் சொல்லும் அளவில் சுமார் 0.6 பங்குதான் வெளியேறும். அந்தக் குணகத்தை ஒரு பெருக்கலாகச் சேர்த்தால் நேரம் 40 நிமிடம் ஆகிறது.

பன்னிரண்டு, இருபத்து நான்கு, நாற்பது. முதல் எண் அவசரக் கணக்கு. இரண்டாவது, நிரல் பிழையில்லாமல் தந்தது. மூன்றாவது, தண்ணீரை அளந்து பார்த்தவர்கள் சொன்னது. இரண்டாவது எண்ணோடு எழுந்து போய்விட்டவர் நிரல் எழுதத் தெரிந்தவர், அவ்வளவுதான். கோடிங் எதற்கு என்று கேட்ட அந்த மாணவரிடம் மூன்றாவது எண்ணைக் காட்டித்தான் நான் பதில் சொல்வது வழக்கம். அதுவும் சொல்லாக இல்லை, ஒரு வேலையாக.

உங்களுக்கும் அதே வேலையைத் தருகிறேன். இன்று, அடியில் குழாயோ ஓட்டையோ உள்ள ஒரு பாத்திரத்தைத் தேடிப் பிடித்து, அதை அடைத்துவிட்டு நீர் நிரப்புங்கள். உயரம், அகலம், ஓட்டையின் விட்டம் மூன்றையும் அளவுகோலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நிரலை எழுதி, எத்தனை நிமிடத்தில் காலியாகும் என்ற விடையை முதலில் தாளில் குறித்துவையுங்கள். பிறகு கைபேசியில் நேரத்தை ஓடவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாது. ஏன் போகவில்லை என்று தேடுங்கள். அடுத்த அத்தியாயத்தைத் திறப்பதற்கு முன் அந்த விடை உங்கள் நோட்டில் இருக்க வேண்டும்.